பச்சை டாங்கிள் எங்கே?

போன் அடித்தது.

யாரும் எடுக்கவில்லை.

மறுபடி அடித்தது!

சாப்பாட்டுக் கேரியரோடு படியேறி வந்த அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. கடையில் ஒரு ஈ, காக்கை இல்லை. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எம்பிராய்டரி மெஷின்கள் பாதி தைத்த சட்டைகளைக் கவ்விக்கொண்டு சும்மா நின்றன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டிசைன் அறை. போன் அங்கேதான் கத்திக்கொண்டிருந்தது.

"காது செவிடாயிடுச்சா உங்களுக்கு?"

புருஷனைத் திட்டிக்கொண்டே உள்ளே போனாள். நாற்காலி காலி. கேரியரை மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அக்கா... நான்தான்." எதிர்க் கடையிலிருந்து தங்கை. "அத்தான் இருக்காரா? மதியம் ஆயிடுச்சு... இன்னும் டாங்கிள் வரலை. எங்க வேலை எல்லாம் நிக்குது."

"நேத்து நடுத்தெருவுல உன் புருஷன் பேசின பேச்சுக்கு டாங்கிள் ஒண்ணுதான் குறைச்சல்! இரு, கேட்டுச் சொல்றேன். ஆளையே காணோம்..."

நகர்ந்தவளின் காலில் ஏதோ இடறியது.

குனிந்து பார்த்தாள்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. செருப்போடு!

அவள் போட்ட அலறலைக் கேட்கத் தங்கைக்குப் போன் தேவைப்படவில்லை. எதிர்க் கடை தெருவுக்கு அந்தப் பக்கம்தான். நேராகவே கேட்டது.

*

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. வாய் நீளம். பொறுமை அதற்கு நேர் எதிர்.

மேஜைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த அக்காவின் புருஷனை, கடைக்காரப் பெரியவரைப் பார்த்தார். பின்மண்டையில் பலத்த அடி. பக்கத்திலேயே பழைய கனமான இஸ்திரிப் பெட்டி, மூலையில் ரத்தத்தோடு.

"இது யாரோட பொட்டி?"

"எங்களோடதுதான் மேடம்." அழுகைக்கு நடுவில் அக்கா சொன்னாள். "துணிக்கு அடியில வைக்கிற பேப்பரை ஒட்டறதுக்கு... எப்பவும் இந்த மேஜை மேலதான் இருக்கும்."

"அப்ப வந்தவன் ஆயுதம் கொண்டு வரலை. கைக்குக் கிடைச்சதைத் தூக்கி அடிச்சிருக்கான். ஏதாவது காணாமப் போயிருக்கா?"

கான்ஸ்டபிள் கம்ப்யூட்டரைக் காட்டினார். திரையின் நடுவில் ஒரு சிவப்புக் கட்டம்.

'டாங்கிள் இல்லை. செருகிவிட்டுத் தொடரவும்.'

அக்காவின் அழுகை பட்டென்று நின்றது.

"அய்யோ... டாங்கிள்!"

"அது என்னம்மா அது?"

"பச்சையா, பென் டிரைவ் மாதிரி சின்னதா இருக்கும் மேடம். டிசைன் போடற புரோகிராம் அது செருகியிருந்தாத்தான் ஓடும். காசு குடுத்து வாங்கினவன்தான் உபயோகிக்கணும்னு கம்பெனிக்காரன் வச்ச பூட்டு."

"தொலைஞ்சா வேற வாங்கிக்க வேண்டியதுதானே?"

"எங்க வாங்கறது? கம்பெனியை இழுத்து மூடிட்டுப் போயிட்டானே! எங்க ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்து இருக்கறது அந்த ஒண்ணுதான்!"

இங்கேதான் கதையின் வில்லங்கம் இருக்கிறது.

பெரியவரும் சின்னவரும் சகலைகள். அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார். ஒன்றாகத்தான் தொழில் தொடங்கினார்கள். ஒன்றாகத் தொடங்கியவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள்... சண்டை போட்டுப் பிரிந்தார்கள். மெஷின்களைப் பிரித்தார்கள். நாற்காலிகளைப் பிரித்தார்கள். சீலிங் ஃபேனைக்கூட விடவில்லை. டாங்கிளை மட்டும் பிரிக்க முடியவில்லை. கத்தியால் வெட்டினால் இரண்டு பேருக்கும் பிளாஸ்டிக்தான் மிஞ்சும்.

அதனால் ஒரு ஏற்பாடு. காலையில் பெரியவர் கடையில். மதியத்துக்கு மேல் சின்னவர் கடையில். சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். இரண்டு பெண்டாட்டி கட்டியவன்கூட இவ்வளவு ஒழுங்காக வீடு மாறியிருக்க மாட்டான்.

"நேத்து தெருவுல என்னம்மா சண்டை?"

"எங்க பழைய பார்ட்டி மேடம். தொப்பி ஆர்டர். அதைச் சின்னவன் தட்டிக்கிட்டுப் போயிட்டான். நேத்து சாயங்காலம் டாங்கிளைத் திருப்பிக் குடுத்துட்டுப் போனப்புறம் சேதி வந்தது. இவர் தெருவுக்குப் போயி, 'இனிமே டாங்கிளைக் கண்ணால பார்க்க மாட்டே... எப்படித் தொப்பி தைக்கிறேன்னு பார்த்துடறேன்'னாரு. அதுக்கு அவன்..."

"அதுக்கு அவன்?"

"'உன் பொணத்து மேல ஏறி வந்து எடுத்துக்கறேன்'னான்! தெருவே கேட்டுது மேடம்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் மாட்டினார்.

"சரி, ஏறி வந்தவரைப் போய்ப் பார்த்துட்டு வருவோம்."

*

எதிர்க் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தட்... தட்... தட்... ஊசிகள் வரிசையாக இறங்கி ஏறின. ஊசிகளுக்குக் கீழே கருநீலத் தொப்பிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் மஞ்சள் நூலில் ஒரு கழுகு உருவாகிக்கொண்டிருந்தது.

"எதிர்ல உங்க சகலை செத்துக் கிடக்கறாரு. இங்க தையல் நடக்குதா? நிறுத்துய்யா!"

சின்னவர் மெஷினை நிறுத்தினார். நன்றாக வாரிய தலை. காதில் பேனா. முகம் வெளுத்திருந்தாலும் மீசை மட்டும் விறைப்பாக நின்றது.

"இப்பதான் ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்தோம் மேடம். உங்க ஆளுங்கதான் வெளியே போகச் சொன்னாங்க. பார்ட்டி சாயங்காலம் வந்துடுவான்..."

"நல்ல மனசு! இந்தக் கழுகு டிசைன் யார் போட்டது?"

அவருக்கு அந்த நேரத்திலும் பெருமை பொத்துக்கொண்டு வந்தது.

"நான்தான் மேடம்! வெளியில போர்டுலயே என் பேருதான் இருக்கு, டிசைனர்னு. இந்த வட்டாரத்துல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

"எப்பப் போட்டீங்க?"

"இன்னிக்குத்தான். ஆர்டரே நேத்து சாயங்காலம்தானே வந்தது."

"இன்னிக்கு டாங்கிள் உங்க கைக்கு வரலைன்னு உங்க சம்சாரம் போன் பண்ணியிருக்காங்க."

"ஆமா... வரலை."

"டாங்கிள் இல்லாம டிசைன் வராது."

"ஆமா... வராது."

"அப்ப இந்தக் கழுகு தானா முட்டையிலேருந்து பொரிஞ்சு வந்துதா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. கான்ஸ்டபிள் கைவிலங்கை எடுத்தார். பின்னாலேயே வந்திருந்த அக்கா பாய்ந்து சின்னவரின் சட்டையைப் பிடித்தாள்.

"கொலைகாரா! உன்னைச் சொந்தத் தம்பி மாதிரி வச்சிருந்தாரேடா பாவி!"

"அவரை விடுக்கா!"

நூல் கண்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்திலிருந்து தங்கை வந்தாள். ஒல்லியான உடம்பு. கண்ணில் நெருப்பு. அக்காவின் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"தம்பி மாதிரியா? நாய் மாதிரி வச்சிருந்தாரு! தினமும் அந்த டாங்கிளுக்காக உங்க கடை வாசல்ல நிக்க விட்டாரே... எத்தனை நாள் உள்ள கூப்பிட்டாரு? எனக்கு உங்க மேல வெறுப்புதான் இருக்கு. அதை மறைக்க மாட்டேன். ஆனா என் புருஷன் கொலை பண்ணலை!" இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "மேடம், எங்களுக்கு அந்த டாங்கிளே தேவையில்லை. எங்ககிட்ட டூப்ளிகேட் இருக்கு!"

சின்னவர் பதறினார். "ஏய்... சும்மா இரு!"

"தூக்குல தொங்கறதுக்குத் திருட்டுப் பட்டம் தேவலைங்க! வெளிய தெரிஞ்சா தெரியட்டும். மேடம், எங்க கம்ப்யூட்டர்ல டாங்கிள் இல்லாமலே புரோகிராம் ஓடும். அப்படி ஒருத்தர் பண்ணிக் குடுத்திருக்காரு. தேவையே இல்லாத பொருளுக்காக யாராவது ஒரு ஆளைக் கொல்லுவாங்களா?"

இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தேவையில்லைன்னா மதியம் எதுக்குப் போன் பண்ணி டாங்கிள் கேட்டீங்க?"

"கேக்கலைன்னா அத்தானுக்குச் சந்தேகம் வருமே! இத்தனை நாளா கேட்டு வாங்கி, மேஜையில சும்மா வச்சிருந்து, சாயங்காலம் திருப்பிக் குடுத்துட்டு இருந்தோம்."

"அடிப்பாவி!" அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "உயிரோட இருக்கும்போதே மொட்டையடிச்சிருக்கீங்களேடி!"

"அந்தப் புண்ணியவானைக் கூப்பிடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

*

புண்ணியவானின் பட்டப்பெயர் அச்சு.

எதையும் அச்சு அசலாகக் காப்பி எடுத்துக் கொடுப்பான் என்பதால் வந்த பெயர். பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை. தூக்கம் கலையாத கண்ணோடு வந்தான். போலீஸைப் பார்த்ததும் திரும்பி ஓடப் பார்த்தான். கான்ஸ்டபிள் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"நீதான் திருட்டு டாங்கிள் செய்யறவனா?"

"திருட்டுன்னு சொல்லாதீங்க மேடம். இது பெரிய கலை."

"ஒரு அறை விட்டா கலை கலைஞ்சுடும். எப்படிப் பண்ணேன்னு சொல்லு. எனக்குப் புரியற மாதிரி."

அச்சு தொண்டையைச் செருமினான். தன் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னால் அவனுக்குப் போலீஸும் ஒன்றுதான், பொண்ணு பார்க்க வந்தவர்களும் ஒன்றுதான்.

"புரோகிராம் டாங்கிள்கிட்ட அடிக்கடி ஒரு கேள்வி கேக்கும் மேடம். டாங்கிள் சரியான பதில் சொன்னாத்தான் மேல ஓடும். அந்தப் பதில் எப்படி வருதுன்னு நமக்குத் தெரியாது, டாங்கிளைத் திறந்து பார்க்கவும் முடியாது. அதனால நான் என்ன பண்ணேன்... மதியம் மதியம் இவங்க வேலை செய்யறப்ப, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒட்டுக் கேக்கற புரோகிராமைப் போட்டேன். ஒரு வாரம். என்ன கேள்வி, என்ன பதில்... எல்லாத்தையும் பதிஞ்சுக்கிச்சு. இப்ப டாங்கிள் இருக்கற இடத்துல என் டூப்ளிகேட் உட்கார்ந்து அதே பதிலைச் சொல்லுது. புரோகிராம் அதையே நிஜ டாங்கிள்னு நம்பிடுது."

"பாடம் புரியாம மனப்பாடம் பண்ணிப் பாஸான மாதிரி."

"அதேதான்! ஆனா நூத்துக்கு நூறு மேடம்!"

"வேற புரோகிராம்ல டிசைன் போட்டு இந்த மெஷின்ல தைக்க முடியுமா?"

"முடியாது. இந்த மெஷின் இந்த புரோகிராமோட ஃபைலைத் தவிர எதையும் தொடாது."

"சரி, ஓட்டிக் காட்டு."

கம்ப்யூட்டரின் முன்னும் பின்னும் பார்த்தார் இன்ஸ்பெக்டர். எதுவும் செருகியிருக்கவில்லை. அச்சு உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தான். திறந்தது! சட்டைப் பையில் தைக்கிற ஒரு பேட்ஜைப் போட்டான். எழுத்து வந்தது, பூ வந்தது, சுற்றிலும் கரை வந்தது. ஃபைலாகச் சேமித்தான். எந்தச் சிவப்புக் கட்டமும் வரவில்லை.

சின்னவர் பெருமூச்சு விட்டார். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புருஷனின் தலை தப்பியதே என்ற நிம்மதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கான்ஸ்டபிள் ஏமாற்றத்தோடு விலங்கை இடுப்பில் மாட்டினார்.

"காரணமே இல்லாமப் போச்சே மேடம்."

"போகட்டும். வெறுங்கையோட போக வேண்டாம். இவனை ஏத்து." இன்ஸ்பெக்டர் அச்சுவின் தோளைத் தட்டினார். "கலையாம் கலை! ஒரு பேட்ஜ் போடறதுக்கா இவ்வளவு பீத்தல்? என் பொண்ணு போன்லயே இதைவிட நல்லாப் போடுவா."

போலீஸ் அடித்திருந்தால் அச்சு வாங்கிக்கொண்டிருப்பான். தொழிலைப் பழித்ததை அவனால் தாங்க முடியவில்லை.

"பேட்ஜ் சும்மா சாம்பிள் மேடம்! என் டூப்ளிகேட் என்ன கேட்டாலும் செய்யும். அந்தத் தொப்பி இருக்கே... அது கஷ்டமான வேலை. வளைஞ்ச துணி. நடுவுலேருந்து ரெண்டு பக்கமும் தைச்சுக்கிட்டுப் போகணும். புரோகிராம்ல தொப்பிக்குன்னே தனி பட்டன். இருங்க, அதையே போட்டுக் காட்டறேன்!"

"வேண்டாம்!"

தங்கையின் குரல் கடையைக் கிழித்தது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏம்மா வேண்டாம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது... கம்ப்யூட்டர் பழசு. அதிகம் நோண்டினா கெட்டுப் போயிடும்."

"கெட்டா நான் சரி பண்ணித் தர்றேன்க்கா," என்ற அச்சு, பட்டனை அழுத்தினான்.

திரை ஒரு நொடி திகைத்தது.

சிவப்புக் கட்டம்!

'டாங்கிள் இல்லை. செருகிவிட்டுத் தொடரவும்.'

புரோகிராம் மூடிக்கொண்டது.

அச்சு மறுபடி திறந்தான். மறுபடி அழுத்தினான். மறுபடி சிவப்பு. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி விழித்தான்.

"என்னடா ஆச்சு?"

"மேடம்... நான் பதிவு பண்ண வாரம் பூரா இவங்க சட்டையும் பேட்ஜும்தான் போட்டாங்க. தொப்பி போடவே இல்லை. தொப்பிக்குப் புரோகிராம் வேற ஒரு கேள்வி கேக்குது போல... அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. கேக்காத கேள்விக்கு என் டூப்ளிகேட் எப்படிப் பதில் சொல்லும்?"

இன்ஸ்பெக்டர் மெதுவாக நடந்து போனார். மெஷினிலிருந்து ஒரு தொப்பியை உருவினார். மஞ்சள் கழுகு அவரை முறைத்தது.

"நேத்து சாயங்காலம் வந்த ஆர்டர். அப்பவே டாங்கிள் பெரியவர் கையில. தரமாட்டேன்னு சவால் விட்டாரு. இன்னிக்குத் தொப்பி தயார். டூப்ளிகேட்டால தொப்பி போட முடியாது. அப்ப இந்தக் கழுகைப் போட்டது அசல் டாங்கிள்! பொணத்தைத் தாண்டி வந்த டாங்கிள்!" சின்னவரின் பக்கம் திரும்பினார். "டிசைனர் சார், கையை நீட்டுங்க."

சின்னவரின் மீசை இப்போதுதான் தொங்கியது.

"மேடம்! நான் இல்லை! சத்தியமா நான் இல்லை!"

"நீங்கதானே டிசைன் போட்டதா சொன்னீங்க?"

"பொய் மேடம்! எனக்கு... எனக்கு டிசைன் போடவே தெரியாது!"

கான்ஸ்டபிள் எடுத்த விலங்கை மறுபடி இடுப்பில் மாட்டினார்.

"மௌஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது மேடம்! நான் மெஷின் ஓட்டறவன். நூல் மாட்டுவேன், ஃப்ரேம் மாட்டுவேன், அவ்வளவுதான். டிசைன் பூரா அவதான் போடுவா! ஆரம்பத்துலேருந்தே அவதான்! பொம்பளை போட்டதுன்னா பார்ட்டி மதிக்க மாட்டான்னு போர்டுல என் பேரைப் போட்டேன். இன்னிக்கும் அவதான் பென் டிரைவைக் கொண்டுவந்து குடுத்தா. டூப்ளிகேட்ல போட்டதுன்னு நினைச்சு நான் மெஷின்ல ஏத்தினேன்!"

"அந்த நாற்காலியில உட்காருங்க. ஒரு வட்டம் போடுங்க பார்ப்போம்."

சின்னவர் உட்கார்ந்தார். மௌஸைத் தலைகீழாகப் பிடித்தார். திரையில் அம்பு எங்கோ ஓடி ஒளிந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. இத்தனை காலம் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு திரிந்த மனுஷன்!

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை.

"போதுங்க, எழுந்திருங்க. இத்தனை வருஷமா இந்த ஒரு வார்த்தை உங்க வாயிலேருந்து வராதான்னு காத்துக்கிட்டு இருந்தேன். டிசைன் அவ போட்டதுன்னு... நாலு பேர் முன்னாடி. வந்துடுச்சு. என் கழுத்துல கயிறு விழும்போதுதான் வரணும்னு இருக்கு."

"நீ... நீயா?" சின்னவர் இரண்டடி தள்ளிப்போனார். தள்ளிப்போனதை அவள் பார்த்தாள்.

"காலையில தொப்பி பட்டனை அழுத்தினேன் மேடம். சிவப்புக் கட்டம் வந்துது. இவனுக்குப் போன் மேல போன் போட்டேன். எடுக்கலை."

"தூங்கிட்டு இருந்தேன்க்கா..." அச்சு முனகினான்.

"மதியம் ஆளுங்க சாப்பிடப் போனதும் அத்தான்கிட்ட போனேன். அரை மணி நேரம் மட்டும் குடுங்கன்னு கெஞ்சினேன். இந்த ஆர்டர் போனா கடையை மூடணும்னேன். கம்ப்யூட்டர்லேருந்து டாங்கிளைப் பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. 'உன் புருஷன்தானே பெரிய டிசைனரு... அவனைக் கையாலயே வரைஞ்சுக்கச் சொல்லு'ன்னாரு. எல்லாத்தையும் நான் வரையறேன், ரெண்டு ஆம்பளைங்களும் பேரை மட்டும் பேசிட்டுத் திரியறாங்க... அவர் முதுகைக் காட்டித் திரும்பினாரு. இஸ்திரிப் பெட்டி கைக்கு எட்டுச்சு. அவ்வளவுதான்."

"டாங்கிள் எங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கழுகைப் போட்டு முடிச்சதும் சுத்தியலால உடைச்சுச் சாக்கடையில கொட்டிட்டேன். அதுக்கப்புறம்தான் சந்தேகம் வராம இருக்க, அத்தான் கடைக்குப் போன் பண்ணேன்."

பளார்!

அக்காவின் கை தங்கையின் கன்னத்தில் இறங்கியது. மறுபடி ஓங்கினாள். கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க என்னை! இவளை வெட்டிப் போடணும்!"

"உங்க துக்கம் புரியுதும்மா. புருஷனைப் பறிகொடுத்த..."

"அவரை அடிச்சாளே, அது இருக்கட்டும் மேடம்! டாங்கிளை ஏண்டி உடைச்சே? நாளைக்குக் காலையில நான் எதை வச்சுடி கடை நடத்துவேன்?"

இன்ஸ்பெக்டர் அக்காவையும் ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

விலங்கு தங்கையின் கையில் ஏறியது. வாசலில் ஜீப் உறுமியது. சின்னவர் மனைவியைப் பார்க்கவில்லை, நின்றுபோன மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் பக்கத்தில் யாரோ குந்தினார்கள். அச்சு!

"கவலைப்படாதீங்கக்கா," என்றான் மெதுவான குரலில். "காப்பி என்கிட்ட இருக்கு. நாளைக்கே உங்க கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன். சட்டை வரும், பேட்ஜ் வரும். தொப்பி மட்டும்தான் இல்லை..."

பின்னாலிருந்து அவன் காலரை ஒரு கை கொத்தாகப் பிடித்தது.

"தொப்பி என்கிட்ட இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "நீ ஜீப்ல ஏறு!"